வழிமேல் விழி

நுழையும்முன்

பயணம் சென்றவர் குறித்த நாளில் திரும்பாதபோது, வீட்டிலிருப்போரும் நண்பர்களும் ஒருபுறம் நம்புகின்றனர், மறுபுறம் அஞ்சுகின்றனர். இந்நிலையைத் தமிழ் இலக்கியம் நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. அண்மைக் காலத்தில் குமரிக் கடற்கரை அதை ஊர் ஊராக அனுபவித்தது. காத்திருப்பதும் தேடுவதும் எவ்வாறு ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வட எல்லையில் அமைந்த ஊர் வேப்பனப்பள்ளி. ஒரு பக்கம் ஆந்திரத்தின் குப்பம். மறுபக்கம் கருநாடகத்தின் கோலார் மாவட்டம். சந்தை நாளில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே கடையில் ஒலிக்கக் கேட்கலாம். இப்பகுதி மக்களுக்கு வெளியூர்ப் பயணம் என்பது அன்றாடப் பிழைப்பு. ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கும் பெங்களூருக்கும் வேலைக்குச் செல்வோர் பலர். கிருஷ்ணகிரியில் கூடும் தேசிய நெடுஞ்சாலைகள் வழியே சரக்குந்துகளில் வடநாடு வரை செல்வோரும் உண்டு.

நான் பதினொன்றாம் வகுப்பில் படித்த காலத்தில், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் நண்பன் ஒருவன், சரக்குந்தில் உதவியாளாகச் சேர்ந்தான். புளி ஏற்றிக்கொண்டு நாகபுரிக்குப் புறப்பட்டது வண்டி. பத்து நாளில் திரும்பிவிடுவேன் என்று சொல்லிச் சென்றான். பத்து நாள் பதினைந்தாயிற்று. கைப்பேசி இல்லாத காலம் அது. ஊரில் தொலைபேசி இருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மாலைப் பேருந்து வந்து நிற்கும்போதெல்லாம் அவன் தாய் நிறுத்தத்தில் நின்றார். நாங்கள் நால்வர் மிதிவண்டியில் கிருஷ்ணகிரிக்குச் சென்று, சாலையோரத் தேநீர்க் கடைகளில் இளைப்பாறும் ஓட்டுநர்களிடம் வண்டியின் எண்ணைச் சொல்லி விசாரித்தோம். ஒருவர் ஐதராபாத்துக்கு அப்பால் பார்த்ததாகச் சொன்னார். இன்னொருவர் அப்படியொரு வண்டியே இல்லை என்றார். இரண்டையும் அந்தத் தாயிடம் சொல்லலாமா கூடாதா என்று வழியெல்லாம் வாதிட்டுக்கொண்டே வந்தோம்.

இருத்தல்

காத்திருப்பதற்கென்றே ஒரு திணையை வகுத்த மொழி தமிழ். முல்லைத் திணையின் உரிப்பொருள் இருத்தலும் இருத்தல் நிமித்தமும் ஆகும். ‘இருத்தல்’ என்பது வெறுமனே அமர்ந்திருப்பதன்று. வருவேன் என்று சொல்லிச் சென்றவரின் சொல்லை நம்பி ஆற்றியிருத்தல். நப்பூதனார் இயற்றிய, 103 அடிகளைக் கொண்ட முல்லைப்பாட்டில் போருக்குச் சென்ற தலைவன் கார்காலம் தொடங்கியும் திரும்பவில்லை. முதுபெண்டிர் நெல்லும் முல்லை மலரும் தூவித் தெய்வத்தை வணங்கி, ஊர்ப்புறத்தே நின்று விரிச்சி கேட்கின்றனர். விரிச்சி என்பது அயலார் தற்செயலாகப் பேசும் சொல்லை நற்குறியாகக் கொள்வது. அப்போது ஆயர்மகள் ஒருத்தி, பசியால் வாடும் கன்றினிடம் அதன் தாய் விரைவில் வந்துவிடும் என்று ஆறுதல் கூறுகிறாள். கன்றுக்குச் சொன்ன அச்சொல்லைத் தலைவியின் வீட்டார் தமக்குரியதாக எடுத்துக்கொள்கின்றனர். செய்தி கிடைக்காத வீட்டில் ஒரு சிறுசொல்லும் எவ்வளவு கனம் பெறும் என்பதை இப்பகுதி நுட்பமாகக் காட்டுகிறது. இன்று, அறியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலே பதறி எடுக்கும் தாயும் ஒருவகையில் விரிச்சி கேட்பவர்தான்.

நண்பனுக்காகக் காத்திருந்ததற்குப் புறநானூறு சான்று தருகிறது. வடக்கிருந்த கோப்பெருஞ்சோழன், தான் நேரில் கண்டிராத பிசிராந்தையார் பாண்டிய நாட்டிலிருந்து வருவார் என்று உறுதியாகக் கூறி, அவருக்கென ஓர் இடத்தை ஒதுக்கச் சொன்னான். சூழ்ந்திருந்தோர் ஐயுற்றனர். ஆனால் பிசிராந்தையார் வந்தார். அச்செய்யுள்களைப் படிக்கும் நாம் வருகையின் வியப்பையே பேசுகிறோம். அதற்கு முன்பே, ஐயத்தின் நடுவில் ஓர் இடம் ஒதுக்கப்பட்டதும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஒக்கி

2017 நவம்பர் 30 அன்று குமரிக்கடல் பகுதியில் ஒக்கிப் புயல் உருவானது. ‘ஒக்கி’ என்பது வங்கதேசம் சூட்டிய பெயர். வங்க மொழியில் ‘கண்’ என்று பொருள்படும். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி முதலிய ஊர்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இவ்வூர் மீனவர்கள் ஆழ்கடல் மீன்பிடிப்பில் பெயர் பெற்றவர்கள். ஒருமுறை கடலுக்குச் சென்றால் கரை திரும்பப் பல வாரங்கள் ஆகும். ஆகவே, புயல் எச்சரிக்கை வெளியானபோது அவர்களுள் பலர் ஏற்கெனவே நடுக்கடலில் இருந்தனர். படகுகளிலிருந்த கம்பியில்லாக் கருவிகளின் எல்லை குறுகியது. செயற்கைக்கோள் தொலைபேசி பெரும்பாலான படகுகளில் இல்லை. கரையில் கொடுக்கப்பட்ட எச்சரிக்கை, அது யாருக்குத் தேவையோ அவரைச் சென்றடையவில்லை.

அதன்பின் தொடங்கியது தேடல். கடற்படையும் கடலோரக் காவல்படையும் தேடின. கடலை நன்கறிந்த மீனவர்களும் தம் படகுகளிலேயே தேடப் புறப்பட்டனர். காற்று எப்பக்கம் வீசியது, நீரோட்டம் எங்கே இழுக்கும், இயந்திரம் நின்ற படகு எத்திசையில் மிதந்து செல்லும் என்பனவற்றை அவர்கள் அனுபவத்தால் கணித்தனர். அக்கணிப்பு வெறும் ஊகமன்று. தேடுவோர், இறுதியாகக் கண்ட இடம், கடந்த நேரம், காற்று, நீரோட்டம் ஆகியவற்றைக் கொண்டே தேடவேண்டிய பரப்பை வரையறுக்கின்றனர். நேரம் செல்லச்செல்ல அப்பரப்பு விரிந்துகொண்டே போகும். தேடலில் முதல் சில மணி நேரம் விலைமதிப்பற்றது என்று கூறப்படுவதன் காரணம் இதுவே.

நம்பிக்கைக்கும் இடமிருந்தது. திசைமாறிய படகுகள் இலட்சத்தீவிலும் மகாராட்டிரத்திலும் குசராத்திலும் கரையேறின. மகாராட்டிரத்தின் சிந்துதுர்க் மாவட்டக் கரைக்கு மட்டும் 68 படகுகளில் 952 மீனவர்கள் உயிருடன் வந்து சேர்ந்தனர். இச்செய்தி எட்டியபோது ஒவ்வொரு வீடும், தம் வீட்டு ஆளும் அவர்களுள் ஒருவராக இருப்பார் என்று எண்ணியது இயல்பே.

இங்கேதான் மாநில எல்லை குறுக்கிட்டது. அப்படகுகளுள் மிகப்பல கேரளத்தில் பதிவானவை. குமரி மாவட்டத்தார் பலர் கொச்சி போன்ற துறைமுகங்களிலிருந்து தொழில் செய்பவர்கள். ஒருவரின் வீடு தமிழ்நாட்டில், படகு கேரளத்தில், கரையேறிய இடம் மகாராட்டிரம். அவரை எந்தப் பட்டியலில் தேடுவது? ஊர்மக்களே பங்கு ஆலயங்களில் கூடி, யார் எந்தப் படகில் எந்நாளில் சென்றார் என்று வீடுவீடாகக் கேட்டுப் பட்டியல் எழுதினர். என் பார்வையில், அந்நாள்களில் செய்யப்பட்ட மிகப் பயனுள்ள பணிகளுள் ஒன்று அந்தக் கையெழுத்துப் பட்டியல். தேடல் போதவில்லை என்ற ஆற்றாமையில் டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கானோர் நடந்து சென்று குழித்துறைத் தொடர்வண்டி நிலையத்தில் மறியலில் அமர்ந்தனர். இருத்தல் என்பது சில வேளைகளில் தண்டவாளத்தின்மீதும் நிகழும்.

பலர் வந்தனர். குமரி மாவட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் வரவில்லை. பின்னாளில், கரைத்தொடர்பு எட்டாத தொலைவிலும் செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கையைப் பெறும் ‘ஜெமினி’ என்னும் கருவி 2019இல் அறிமுகமானது.

சட்டமும் காலமும்

நிலத்தில் காணாமற்போவோர்க்கும் இதே சிக்கல்கள் உண்டு. 24 மணி நேரம் கழிந்த பின்னரே காவல் நிலையத்தில் முறையிட வேண்டும் என்று நம்மிடையே பலர் நம்புகின்றனர். அப்படியொரு விதி சட்டத்தில் இல்லை. ஐயம் எழுந்தவுடனே முறையிடலாம். வேப்பனப்பள்ளி போன்ற எல்லையோர ஊர்களில் எழும் அடுத்த வினா, எந்த மாநிலக் காவல் நிலையம் என்பது. கடத்தல் போன்ற குற்றம் நிகழ்ந்திருக்கலாம் என்ற ஐயம் இருப்பின், இடம் எதுவாயினும் அருகிலுள்ள நிலையத்திலேயே தகவல் அளிக்கலாம். அது சுழியம் என்ற எண்ணில் பதியப்பட்டு உரிய நிலையத்துக்கு அனுப்பப்படும். 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்சா சன்கிதா இதற்கு வழிசெய்துள்ளது. அண்மைப் புகைப்படம், உடுத்தியிருந்த உடை, அங்க அடையாளம், கைப்பேசி எண், ஏறிய வண்டி ஆகியவற்றைத் தெளிவாகச் சொன்னால் தேடல் விரைவுபெறும். கைப்பேசி இறுதியாக எந்தக் கோபுரத்தோடு தொடர்பில் இருந்தது என்பதைக் காவல்துறை அறியமுடியும். பெங்களூர்ப் பேருந்தில் ஏறும் முன் வண்டி எண்ணை வீட்டுக்கு அனுப்பும் பிள்ளைகள் சிலரை நான் அறிவேன். நல்ல பழக்கம் அது. தோழர்கள் கேலி செய்தாலும் விடவேண்டாம்.

ஒருவரைப் பற்றி, அவர் உயிரோடிருந்தால் இயல்பாகச் செய்தி அறிந்திருக்கக் கூடியவர்கள் ஏழாண்டுகள் எச்செய்தியும் அறியாவிடின், அவர் உயிருடன் இருக்கிறார் என்று கூறுவோரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்கிறது நம் சாட்சியச் சட்டம். இறப்புச் சான்று, காப்பீடு, சொத்து அனைத்தும் அதுவரை நிற்கும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னும் ஒக்கிக்குப் பின்னும் குடும்பங்கள் வறுமையில் வாடாதிருக்க இக்கால வரம்பு தளர்த்தப்பட்டது. ஆயினும் சான்றிதழ் பெறக் கையெழுத்திடுவது, அவர் வரமாட்டார் என்று தாமே ஒப்புக்கொள்வதாகும் என்று கலங்குவோர் உண்டு. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிகளில் நடுகற்கள் மிகுதி. கண்டெடுத்து, நீராட்டி, நட்டு, வழிபட்டு, வீழ்ந்தவனுக்கு விடைகொடுக்க அம்முறை உதவியது. காணாமற்போனவருக்குக் கல் நட முடியாது. அமெரிக்க அறிஞர் பாலின் பாஸ் இத்தகைய நிலையைத் ‘தெளிவற்ற இழப்பு’ என்று பெயரிட்டு ஆராய்ந்தார். வியட்நாம் போரில் காணாமற்போன வீரர்களின் குடும்பங்கள் அவரது ஆய்வில் இடம்பெற்றன. வருவார், வரமாட்டார் என்ற இரண்டையும் ஒருங்கே மனத்தில் தாங்குவது நோயன்று; சூழலின் இயல்பான விளைவு என்பது அவர் கருத்து. ஆகவே, அவ்வீட்டாரிடம் ‘மறந்துவிடுங்கள்’ என்பதும் ‘கட்டாயம் வருவார்’ என்று அடித்துக் கூறுவதும் ஒருபோல் பொருந்தா. அவர்களோடு பேருந்து நிறுத்தம் வரை சென்று வருவது பொருந்தும்.

என் நண்பன் இருபத்து நான்காம் நாள் மாலைப் பேருந்தில் வந்திறங்கினான். அதிலாபாத்துக்கு அருகே காட்டுச் சாலையில் வண்டியின் அச்சு முறிந்துவிட்டது. ஓட்டுநர் மாற்று உறுப்பு வாங்கச் சென்றவர் திரும்பப் பல நாளாயிற்று. சரக்கைக் காத்துக்கொண்டு அவன் வண்டியடியிலேயே படுத்துக் கிடந்திருக்கிறான். வழியில் சென்ற ஒருவரிடம் அஞ்சலட்டை ஒன்றைக் கொடுத்து அஞ்சலில் சேர்க்கச் சொன்னதாகக் கூறினான். அது மூன்றாம் நாள் வந்து சேர்ந்தது. தான் நலமாக இருப்பதாகவும், யாரும் கவலைப்பட வேண்டா என்றும் எழுதியிருந்தான். எழுத்தறியாத தன் தாய்க்கு அதை அவனே படித்துக் காட்டினான்.