தகடூர் நாட்டுப் பருவங்கள் – 9: கூதிர்காலத்துச் சுகங்கள்

மேல்நாட்டு ஆசிரியர்கள் சரத்காலத்தை வருணிக்கப் புகுந்தால், மரங்கள் பொன்னிறமாகி இலை சொரிவதில் தொடங்கி ஒருவித இனிய சோகத்தில் முடிப்பது வழக்கம். தருமபுரிச் சீமையில் அந்தச் சோகத்துக்கு இடமில்லை. தை, மாசியில் இலையுதிர்த்துப் பங்குனியில் மொட்டையாக நிற்கும் நம் குன்றுகள், ஆவணி முதல் கார்த்திகை வரையில்தான் பச்சை போர்த்திருக்கின்றன. தென்மேற்குப் பருவத்தில் ஒரு பங்கும், சோழமண்டலக் கரையில் கொட்டிவிட்டு வேகம் தணிந்து வரும் வடகிழக்குப் பருவத்தில் ஒரு பங்குமாக மழையைப் பெற்று, இரண்டிலும் வயிறு நிறையாத இந்த மேட்டு நிலத்துக்கு வசந்தம் என்று ஒன்று உண்டானால், அது பழந்தமிழர் கூதிர் என வகுத்த ஐப்பசி, கார்த்திகையில்தான் என்பது என் கட்சி.

அதற்குக் கட்டியம் கூறி வருவது சீதாப்பழம். அமெரிக்காவின் உஷ்ணப் பிரதேசங்களிலிருந்து வந்த மரமாயினும், நடுவாரும் நீர் விடுவாரும் இன்றியே கற்சரிவுகளில் அது காடாகப் பரவிவிட்டது. புரட்டாசி பிறந்ததும் நெடுஞ்சாலையோரத்தில் கூடையோடு உட்காரும் கிழவி, பழத்தை அமுக்கிப் பார்ப்பதில்லை. கண்களின் இடுக்கு வெளுத்து விரிந்திருப்பதை நோக்கியே, "இது நாளைக்கு, இது மறுநாளைக்கு, சாமி" என்று நாள்வாரியாகப் பிரித்துக் கொடுக்கிறாள். வாங்கிப்போய்க் கேழ்வரகுக் குதிரில் புதைத்து வைத்தால், அவள் சொன்ன கெடு பெரும்பாலும் தப்புவதில்லை.

கார்த்திகைத் தீபத்தன்று அகல் வரிசை பெண்களுடையது, மாவளி பையன்களுடையது. ஆண்பனையின் பூங்கதிரைச் சுட்டுக் கரியாக்கி, பொடித்து, பழந்துணியில் இறுகச் சுருட்டி, பிளந்த பனைமட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டி, நீண்ட கயிறு கோத்து நெருப்பிட்டுச் சுழற்ற வேண்டும். காற்றுப் படப்படக் கனலும் கரித்துகள் துணியை விட்டுப் பொறிபொறியாய்ச் சிதற, சுற்றுகிறவன் தலைக்குமேல் நெருப்புக் குடை ஒன்று விரியும். மழை மாதமாதலால் கரியை அடுப்பங்கரையில் வைத்து ஈரம் தட்டாமல் காப்பதே பாதி வித்தை. கடையில் காசு கொடுத்து வாங்கிய மத்தாப்புக்கு இந்தக் கர்வம் ஏது?

ஆனால் பருவத்தின் பரிபூரண ஆனந்தம் வயலில்தான் இருக்கிறது. ஆடியில் கேழ்வரகோடு சால் விட்டு விதைத்த அவரை, கேழ்வரகு ஓங்கியிருக்கும் வரையில் அதன் நிழலில் அடக்கமாகக் கிடந்து, கதிரறுப்பு முடிந்து வெளிச்சம் கிடைத்தபின் பனியையே குடித்துப் படர்ந்து பூக்கும். ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று கைகொடுக்கும்படி நம் குடியானவர் கண்ட ஏற்பாடு இது. கார்த்திகைக் கடைசியில் அவரைக்காய் முற்றத் தொடங்கினால், அந்த வாசனை காய் பறித்தவரின் கையிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிடும். கொட்டையை இரவில் ஊறவைத்து, காலையில் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே பிதுக்கினால், தோல் கையில் நிற்க, பருப்பு மாத்திரம் துள்ளி விழும். திண்ணையில் நாலு பேர் கூடி உட்கார்ந்தாலொழிய நடவாத காரியமாகையால், ஊர் வம்பு முழுவதும் அங்கே அரங்கேறும். அந்தப் பிதுக்கம்பருப்புக் குழம்பை இட்டிலிக்குத் தொட்டுக்கொள்ளலாமே என்று பட்டணத்து உறவினர் சொல்வதுண்டு, தாராளமாகச் செய்யட்டும். நாங்கள் சுடச்சுடக் களி உருண்டையின் நடுவே குழித்து, அதில் ஊற்றிக்கொள்கிறோம்.

(தொடரும்)