சைரன் ஒலிக்காத ஊர்தி

மருத்துவ ஊர்தி என்றவுடன் சுழலும் விளக்கும் அலறும் சைரனும் நம் நினைவுக்கு வருகின்றன. விபத்தில் சிக்கியோரைக் காக்க 108 என்னும் எண்ணை அழைக்கிறோம். ஆனால், மருத்துவமனைக்குச் செல்வோர் அனைவரும் அவசர நோயாளிகள் அல்லர். நாள் குறித்துச் சிகிச்சை பெறுவோரே மிகுதி. அவர்களுள் நடக்க இயலாதோரை அழைத்துச் சென்று மீண்டும் வீடு சேர்க்கத் தனி ஊர்திகள் உள்ளன. அவற்றை ஓட்டுவோரின் பணி, விரைவைவிடப் பொறுமையை வேண்டுவது.

இத்தகைய ஊர்திகளுள் ஒன்று அரசு நடத்துவது. மைய அரசு 2011ஆம் ஆண்டு தொடங்கிய திட்டத்தின்படி, அரசு மருத்துவமனையில் மகப்பேறு கண்ட தாயும் சேயும் கட்டணமின்றி வீடு சேர்க்கப்படுகின்றனர். கர்நாடகத்தில் அவ்வூர்தியின் பெயர் ‘நகு மகு’. கன்னடத்தில் ‘நகு’ என்றால் சிரி. ‘மகு’ என்றால் குழந்தை. தமிழிலும் ‘நகு’ சிரித்தலையே குறிக்கும். ‘மகவு’ குழந்தையைக் குறிக்கும். தமிழ்நாட்டில் இதே பணியைத் ‘தாய் சேய் நல ஊர்தி’ செய்கிறது.

பெங்களூரில் தனியார் ஊர்திகளும் இப்பணியில் உள்ளன. சிறுநீரகம் செயலிழந்தோர், டயாலிசிஸ் என்னும் இரத்தச் சுத்திகரிப்புக்காக வாரத்திற்கு இரண்டு அல்லது மூன்று முறை செல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம் ஆகும். ஒரு முறை தவறினாலும் உடலில் நீர் தேங்கி மூச்சுத்திணறல் ஏற்படக்கூடும். எனவே, ஓட்டுநரின் காலந்தவறாமை மருந்தைப் போன்றதே.

எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஓசூர்ச் சாலை வழியாகக் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்குச் செல்லும் ஊர்தி, சில்க் போர்டு சந்திப்பைக் கடந்தாக வேண்டும். அவசர ஊர்திக்கு வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் தண்டம் விதிக்க 2019ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் இடமளிக்கிறது. சைரன் ஒலிக்காத இவ்வூர்திக்கோ யாரும் வழிவிடுவதில்லை. ஆகவே, நெரிசலைக் கணக்கிட்டு முன்னதாகவே புறப்படுவது ஓட்டுநரின் கடமை.

சக்கர நாற்காலியை ஏற்றியதும் அதன் தடையை இடுவார். நான்கு பட்டைகளால் அதனைத் தளத்தோடு பிணைப்பார். நோயாளிக்குத் தனியே இருக்கைப் பட்டை அணிவிப்பார். எலும்பு முறிந்தவருக்குச் சிறு குலுக்கலும் வலி தரும் என்பதால் வேகத்தடைகளில் மெல்ல ஏறி இறங்குவார். டயாலிசிஸ் முடிந்தவருக்குத் தலைசுற்றல் வரக்கூடும்; அவரை உடனே எழுப்பாமல் சற்று அமரவைப்பார். ஊசி ஏற்றிய கையைப் பற்றி இழுக்கமாட்டார். நோயைப் பற்றித் தாம் அறிந்ததைப் பிறரிடம் கூறமாட்டார்.

இந்நகர மருத்துவமனைகளுக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் நோயாளிகள் வருகின்றனர். மொழி அறியாத ஊரில் கலங்கி நிற்கும் முதியவரிடம் ஓட்டுநர், “ஐயா, மெதுவாக இறங்குங்கள்” என்று தமிழில் கூறினால் அவரது அச்சம் பாதி குறையும். பல மொழி அறிதல் இத்தொழிலில் ஓர் உதவிக்கருவி.

உயிரைக் காக்க விரைவோரை உலகம் போற்றுகிறது. சிகிச்சை இடையில் நின்றுவிடாமல் நாள்தோறும் காப்போரும் போற்றத்தக்கவரே.

சிந்தித்து விடை எழுதுக
1. இவ்வூர்தி ஓட்டுநர் ஏன் முன்னதாகவே புறப்பட வேண்டும்?
2. ‘நகு’, ‘மகவு’ போலத் தமிழிலும் கன்னடத்திலும் ஒத்து வழங்கும் சொற்கள் ஐந்தினை எழுதுக.