ஐந்தடி ஏழு அங்குலத்தின் கணக்கு

சுனில் சேத்ரியின் பலம் எது, பலவீனம் எது? இரண்டையும் தனித்தனித் தராசில் வைத்தால் விடை தப்பாகத்தான் வரும்.

பெங்களூருவின் கிழக்குப் பகுதியில், ரயில் பாதைக்கும் ஹென்னூர் சாலைக்கும் பக்கத்தில் இருக்கிறது லிங்கராஜபுரம். தமிழ், கன்னடம், தெலுங்கு, மலையாளம் எல்லாம் ஒரே தெருவில் காதில் விழும் இடம். காக்ஸ் டவுன், பிரேசர் டவுன், அல்சூர் என்று பழைய கன்டோன்மென்ட்டின் பேட்டைகள் எல்லாம் கூப்பிடு தூரம். வெள்ளைக்காரப் பட்டாளம் விட்டுப்போன கால்பந்தை விடாமல் பிடித்துக்கொண்ட வட்டாரம் இது. நாட்டின் மைதானங்களை எல்லாம் கிரிக்கெட் விழுங்கிய பிறகும் இங்கே கால்பந்து வாக்குவாதம் ஓயவில்லை. 2013-ல் பெங்களூரு எஃப்.சி. அணி உருவான பிறகு அந்த வாக்குவாதத்துக்கு ஒரு நிரந்தரத் தலைப்பும் கிடைத்துவிட்டது: சுனில் சேத்ரி.

ஆதரவாளர்களின் கையில் எண்கள் இருக்கின்றன. 2005-ல் குவெட்டாவில் பாகிஸ்தானுக்கு எதிரான முதல் போட்டியிலேயே கோல். 2025 மார்ச்சில் மாலத்தீவுக்கு எதிராக 95-வது கோல். நாட்டுக்காக அடித்த கோல்களில் ரொனால்டோ, மெஸ்ஸி, ஈரானின் அலி தாயி ஆகிய மூவருக்கு அடுத்த இடம். எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் மடக்கப் பார்க்கிறது: யாருக்கு எதிராக அடித்தார்?

லிங்கராஜபுரம் போன்ற இடங்களில் பந்து உதைக்கும் பையன்களுக்கு இது வெட்டிப் பேச்சு அல்ல. எந்தத் தேர்வு முகாமுக்குப் போனாலும் முதலில் கண்ணில் படுவது உயரமும் உடற்கட்டும்தான். சேத்ரியின் உயரம் ஐந்தடி ஏழு அங்குலம். முன்கள வீரருக்கு அது குறை என்றுதான் எந்தப் பயிற்சியாளரும் குறித்துக்கொள்வார். அந்தக் குறையோடு ஒருவர் எப்படி இவ்வளவு தூரம் வந்தார், எங்கே நின்றுபோனார் என்பதில் அந்தப் பையன்களுக்குத் தேவையான பாடம் இருக்கிறது.

குறை கற்றுக்கொடுத்த கலை

உயரம் குறைந்தவர் தலையால் முட்டி கோல் அடிப்பது அபூர்வம் என்பது பொது நம்பிக்கை. சேத்ரியின் வாழ்க்கையில் மூன்று அரையிறுதிகள் அதைப் பொய்யாக்கின.

2016 அக்டோபரில் கண்டீரவா மைதானத்தில் ஏ.எஃப்.சி. கோப்பை அரையிறுதி. எதிரி, நடப்பு சாம்பியனான மலேசியாவின் ஜோகோர் தாருல் தாசிம். முதல் கோலை விட்டுக்கொடுத்துப் பின்தங்கிய பெங்களூருவுக்கு, கார்னரிலிருந்து வந்த பந்தைத் தலையால் முட்டி சமன் செய்தார் சேத்ரி. இரண்டாம் பாதியில் தொலைவிலிருந்து ஒரு அசுர உதை. 3-1 என்று வென்ற பெங்களூரு, அந்தக் கோப்பையின் இறுதிப் போட்டிக்குப் போன முதல் இந்திய அணியானது. 2023 மார்ச்சில் மும்பைக்கு எதிரான ஐ.எஸ்.எல். அரையிறுதியின் முதல் போட்டி. மாற்று ஆட்டக்காரராக இறங்கி, மீண்டும் ஒரு கார்னர், மீண்டும் தலை, 1-0. 2025 ஏப்ரலில் கோவாவில் இன்னொரு அரையிறுதி. வயது 40. மறுபடியும் மாற்று ஆட்டக்காரர். கூடுதல் நேரத்துக்குப் போகப்போகிறது என்று எல்லோரும் நினைத்த 92-வது நிமிடத்தில் மறுபடியும் தலையால் ஒரு கோல். பெங்களூரு இறுதிக்குள் நுழைந்தது.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. உயரமான தடுப்பாட்டக்காரர் நின்ற இடத்திலிருந்து குதிப்பார். சேத்ரி ஓடிவந்து குதிப்பார். பந்து கிளம்பும் முன்பே அது எங்கே விழும் என்று ஊகித்து, தன்னைக் காவல் காப்பவரின் பார்வைக்குப் பின்னால் பதுங்கி, கடைசி நொடியில் அவருக்கு முன்னே பாய்வார். எதிரி எழும்பத் தொடங்கும்போது இவர் ஏற்கெனவே காற்றில் இருப்பார். உயரமாக இருந்திருந்தால் இந்த வித்தையைக் கற்க வேண்டிய அவசியமே அவருக்கு வந்திருக்காது.

இரண்டாவது பலம், சலிக்காத துரத்தல். 2023 ஜூனில் அதே கண்டீரவாவில், கொட்டும் மழையில் பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டம். பத்தாவது நிமிடத்தில் தன் அணியினர் தட்டிவிட்ட பந்தைக் கட்டுப்படுத்தத் தடுமாறினார் பாகிஸ்தான் கோல்கீப்பர். 38 வயது சேத்ரி அங்கே போய் நின்றார். காலி கோலுக்குள் பந்தைத் தட்டிவிட மட்டுமே வேண்டியிருந்தது. பிறகு இரண்டு பெனால்டிகள், ஹாட்ரிக். நூற்றில் தொண்ணூற்றொன்பது முறை வீணாகும் ஓட்டத்தை நூறாவது முறைக்காக ஓடுவது எந்த முகாமிலும் அளக்கப்படாத குணம்.

மூன்றாவது, இடது ஓரத்திலிருந்து உள்ளே வெட்டி வந்து வலது காலால் அடிக்கும் பழக்கம். பெங்களூரு அணியில் அவர் நிறைய ஆடியது அந்த ஓரத்தில்தான். 2013-14 பருவத்தில் அங்கிருந்தபடியே 14 கோல் அடித்து, பிறந்த ஆண்டிலேயே அணியை ஐ லீக் சாம்பியனாக்கினார்.

அளவுகோல் தவறவிட்டவர்

உடல் அளவை நம்பி ஏமாறுவது இந்தியப் பழக்கம் மட்டுமல்ல. தேர்வை அறிவியலாகவே மாற்றிவிட்ட ஆஸ்திரேலியாவிலும் இது நடக்கிறது. அங்கே பெரும் கூட்டத்தை இழுப்பது அவர்களுடைய சொந்தக் கால்பந்து. முட்டை வடிவ மைதானம், முட்டை வடிவப் பந்து, ஒரு பக்கத்துக்கு 18 பேர். பந்தைக் கையால் பிடிக்கலாம், உதைக்கலாம், முட்டியால் குத்தி அனுப்பலாம். ஆண்டுதோறும் அணிகள் இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் முன் 20 மீட்டர் ஓட்டம், நின்ற இடத்திலிருந்து எழும்பும் உயரம், 2 கிலோமீட்டர் ஓட்டம் என்று எல்லாம் அளக்கப்படுகிறது.

அந்த அளவுகோலில் தேறாதவர் சாம் மிட்செல். உயரம் ஆறடிக்குக் கீழே, ஓட்டத்தில் வேகம் இல்லை. முதல் முறை யாரும் அவரைத் தொடவில்லை. கீழ்நிலைப் போட்டியில் ஒரு வருடம் ஆடிக் காட்டிய பிறகு, 2001-ல் 36-வது ஆளாகத் தேர்ந்தெடுத்தது ஹாதார்ன் அணி. ஆனால் மிட்செல் இரண்டு கால்களாலும் ஒரே துல்லியத்தோடு உதைப்பார். நெரிசலில் பந்து யார் கைக்குப் போகும் என்பதை மற்றவர்களுக்கு முன்பே படித்துவிடுவார். 2008-ல் தலைவராக நின்று கோப்பையை வாங்கினார். 2013, 2014, 2015-ல் மேலும் மூன்று. 2012-ம் ஆண்டின் தலைசிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கமும், முதலில் பெற்றவரிடமிருந்து பறிக்கப்பட்டு, டிரென்ட் காட்சினோடு சேர்த்து இவருக்கு வந்தது. அவருக்கு வேகம் கடைசிவரை வரவில்லை. வேகம் தேவைப்படாத இடத்தில் முன்கூட்டியே போய் நிற்கக் கற்றுக்கொண்டார்.

சேத்ரி செய்ததும் அதுதான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. மிட்செலுக்குத் தன் விளையாட்டின் உச்சத்தில் ஆடும் வாய்ப்பு உள்ளூரிலேயே கிடைத்தது. சேத்ரிக்கு அது கிடைக்கவில்லை.

திறக்காத கதவுகள்

இனி எதிர்த்தரப்பு வாதம். 2009-ல் இங்கிலாந்தின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் அவரை எடுக்க முன்வந்தது. உலகத் தரவரிசையில் இந்தியா மிகவும் கீழே இருந்ததால் வேலை அனுமதி மறுக்கப்பட்டது. அது அவர் குறை அல்ல. ஆனால் 2010-ல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி அணியிலும், 2012-ல் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் அணியிலும் கதவு திறந்தது. ஸ்போர்ட்டிங்கில் இரண்டாம் நிலை அணிக்கு மேலே போக முடியவில்லை. இரண்டு இடங்களிலும் ஆட்டங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே கிடைத்தன.

தேசிய அணிக்காக அவர் அடித்த ஹாட்ரிக்குகள் தஜிகிஸ்தான், வியட்நாம், சீன தைபே, பாகிஸ்தான் அணிகளுக்கு எதிராக வந்தவை. ஆசியாவின் பெரிய அணிகளுக்கு எதிரே கணக்கு சுருங்குகிறது. 2011 ஆசியக் கோப்பையில் பஹ்ரைனுக்கு எதிராக ஒன்று, தென் கொரியாவுக்கு எதிராக பெனால்டியில் ஒன்று. 2019-ல் தாய்லாந்துக்கு எதிராக இரண்டு. 2024-ல் ஒன்றுமில்லை. அந்தப் போட்டியின் முதல் ஆட்டத்தில், ஆஸ்திரேலியாவுக்கு எதிராகத் தொடக்கத்திலேயே ஒரு அருமையான பந்து அவர் தலைக்கு வந்தது. அவருக்கே உரிய வாய்ப்பு. பந்து கம்பத்துக்கு வெளியே போனது. இந்தியா 0-2 என்று தோற்றது. அடுத்த இரண்டு ஆட்டங்களிலும் ஒரு கோல்கூட அடிக்காமல் வெளியேறியது.

ஆட்டத்திலும் தெளிவான ஒரு பலவீனம் இருந்தது. கோலுக்கு முதுகைக் காட்டி நின்று, முரட்டுத் தடுப்பாட்டக்காரர்கள் இருவரைத் தோளால் தாங்கிக்கொண்டு, பந்தைப் பிடித்துவைக்கும் உடல் அவருக்கு இல்லை. பக்கத்தில் அந்த வேலையைச் செய்ய ஒருவர் இருந்தபோதெல்லாம் அவர் பிரகாசித்தார். தேசிய அணியில் ஜேஜே லால்பெக்லுவாவும், பெங்களூருவில் வெனிசுலாவின் மிக்குவும் இடிகளை வாங்கிக்கொண்டார்கள். இடைவெளிகள் சேத்ரிக்குக் கிடைத்தன. தனியாக விடப்பட்டபோது அவர் பந்தைத் தேடி நடுக்களம்வரை இறங்கி வர வேண்டியிருந்தது. அங்கிருந்து கோல் வெகுதூரம்.

வெறுங்காலின் பாடம்

ஒரே குணம் ஓரிடத்தில் பலமாகவும் வேறிடத்தில் பலவீனமாகவும் மாறுவது பெங்களூருவுக்குப் புதிதல்ல. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸை எதிர்த்த இந்திய அணியில் பெரும்பாலோர் பூட்ஸ் போடாமல் ஆடினார்கள். இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலை அடித்தவர் பெங்களூருவின் சாரங்கபாணி ராமன். அதே அணியில் இருந்த பெங்களூரு வீரர் அகமது கான், பந்தைக் காலோடு ஒட்டவைத்துக்கொண்டு எதிரிகளை ஆட்டுவித்த விதத்துக்காகப் பின்னாளில் 'பாம்பாட்டி' என்றே அழைக்கப்பட்டார். வெறுங்காலின் தொடு உணர்வுதான் அந்தக் கலைக்கு அடிப்படை. பிரான்ஸ் 2-1 என்று வெல்லக் கடைசி நிமிடங்கள்வரை போராட வேண்டியிருந்தது.

நான்கே வருடம். 1952-ல் ஹெல்சிங்கியின் குளிரில், யூகோஸ்லாவியாவுக்கு எதிராக அதே வெறுங்கால் சறுக்கியது. 1-10. அந்த ஒரு கோல் அகமது கானுடையது. அதற்குப் பிறகுதான் இந்தியாவில் பூட்ஸ் கட்டாயமானது. வீரர்களின் கால் மாறவில்லை. அவர்கள் நின்ற தரைதான் மாறியிருந்தது. வீரரை எடைபோடும்போது தரையையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

பலம் மறைத்த பலவீனம்

சேத்ரி நின்ற தரை, இந்தியக் கால்பந்து. அங்கேதான் கணக்கு சிக்கலாகிறது. உள்நாட்டு லீக்கில் கோல் அடிக்கும் இடங்களைப் பெரும்பாலான அணிகள் வெளிநாட்டு வீரர்களுக்குக் கொடுத்துவிட்டன. இந்திய இளைஞர்கள் ஓரத்துக்கோ பெஞ்சுக்கோ தள்ளப்பட்டார்கள். விதிவிலக்குகள் உண்டு. சிவகங்கை மாவட்டத்தின் கண்டனூரிலிருந்து வந்த சிவசக்தி நாராயணன் 2022-23 பருவத்தில் பெங்களூருவின் முன்களத்தில் இடம்பிடித்து, சேத்ரியையே பெஞ்சில் உட்கார வைத்தார். வளரும் வீரருக்கான விருதும் பெற்றார். அந்தப் பருவத்தின் இறுதிப் போட்டியில் தொடக்கத்திலேயே சிவசக்தி காயமடைய, அவருக்குப் பதிலாக இறங்கியவர் சேத்ரி. வாரிசு விழுந்தால் அப்பாவே வயலுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

தேசிய அணியிலும் அதே கதை. 2024 ஜூன் 6-ல் கொல்கத்தாவில் குவைத்துக்கு எதிரான 0-0 ஆட்டத்தோடு சேத்ரி விடைபெற்றார். அந்த ஆண்டில் இந்தியா ஒரு ஆட்டத்தில்கூட வெற்றி பெறவில்லை. 2024-25 ஐ.எஸ்.எல். பருவத்தில் 14 கோல் அடித்து இந்திய வீரர்களில் முதலிடத்தில் நின்றவர், 40 வயது சேத்ரிதான். பயிற்சியாளர் மனோலோ மார்க்வெஸ் வேறு வழியின்றி அவரைத் திரும்ப அழைத்தார். 2025 மார்ச்சில் ஷில்லாங்கில் மாலத்தீவை இந்தியா 3-0 என்று வென்றது. 2023 நவம்பருக்குப் பிறகு கிடைத்த முதல் வெற்றி. மூன்றாவது கோல் சேத்ரியுடையது, வழக்கம்போல் தலையால். ஆனால் அடுத்து வந்த ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் வங்கதேசத்தோடு சமன், ஹாங்காங்கிடம் தோல்வி, அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 தோல்வி. 2027 ஆசியக் கோப்பைக்கான கதவு மூடியது.

இருபது வருடங்களாக ஒரு தனி மனிதர் அடித்த கோல்கள் ஒரு நாட்டின் பஞ்சத்தை மூடி மறைத்தன. அவர் அடித்துவிடுவார் என்ற நம்பிக்கையில் அடுத்தவரைத் தேடும் வேலை தள்ளிப்போனது. சேத்ரியின் ஆட்டத்தை அலசுபவர்கள் பட்டியலிடாத பலவீனம் இதுதான். அது அவருடையதும் அல்ல.

லிங்கராஜபுரத்துப் பையன்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, 'உயரம் முக்கியமில்லை' என்ற இனிப்பான பொய்யை அல்ல. உயரம் முக்கியம்தான். அது இல்லாதவர் நேரத்தையும் ஊகத்தையும் ஓட்டத்தையும் விலையாகக் கொடுத்து அதை வாங்க வேண்டும். சேத்ரி இருபது வருடம் அந்த விலையைக் கொடுத்தார். தேர்வாளர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் வேறு: அளவு நாடாவைச் சுருட்டி வைத்துவிட்டு, பந்து வரும் முன்பே நகரத் தொடங்கும் பையன் யார் என்று பார்ப்பது.

ஐந்தடி ஏழு அங்குலக்காரர் தன் குறையைத் தானே குதித்துத் தாண்டிவிட்டார். நாட்டின் குறையைத் தாண்ட, அவர் இன்னும் எவ்வளவு உயரம் குதித்திருந்தாலும் போதாது.