வீடு திரும்பும் முன் கழிப்பறையைக் கவனியுங்கள்

இடுப்பெலும்பு முறிவுக்குச் சிகிச்சை பெற்றுப் பாஞ்சாலங்குறிச்சி போன்ற சிற்றூர்களுக்குத் திரும்பும் முதியோரிடம், வீட்டில் கழிப்பறை உள்ளதா என்றே நாங்கள் முதலில் வினவுகிறோம். இரவில் இருட்டில் வெளியே செல்பவர் மீண்டும் விழக்கூடும். கழிப்பறை இல்லாத, தகுதியுள்ள குடும்பங்களுக்குத் தூய்மை பாரத இயக்கத்தின் கீழ் 12,000 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. ஒட்டப்பிடாரம் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேளுங்கள். பணம் பெரும்பாலும் கட்டிய பின்னரே வங்கிக் கணக்கில் சேரும். பழைய அரசுத் தொகுப்பு வீடெனில், தமிழக அரசின் ஊரக வீடுகள் பழுதுபார்ப்புத் திட்டம் பற்றியும் விசாரியுங்கள்.

சுவரில் உறுதியாகப் பதித்த இரும்புக்குழாய்க் கைப்பிடிக்கு எந்த மானியத்துக்கும் காத்திருக்க வேண்டாம். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும்; சிலர் 3 அடியில் முடித்துவிடுகிறார்கள், அது படியைவிட ஆபத்தானது.