நீருக்கு ஒரு நேரம், நெருப்புக்கு ஒரு நேரம்

திருவிதாங்கூர் ராஜ்யத்தின் தென்கோடியாக நெடுங்காலம் விளங்கி, 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதியன்று தமிழகத்தோடு இணைந்த கன்னியாகுமரிச் சீமையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு, மலையாளத்தாரும் தாங்களும் பேதமின்றி வழங்கும் சொற்கள் எத்தனையோ உண்டு. அவற்றுள் ஒன்று 'உலர்த்துதல்'. ஈரத்தைப் போக்குதல் என்னும் பொருளுடைய இந்த எளிய வினைச்சொல்லையே, கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவ இல்லங்கள் தங்கள் பதார்த்தங்களில் பிரதானமான ஒன்றுக்குப் பெயராகச் சூட்டியிருக்கின்றன. தேங்காயைப் பல்லு பல்லாகக் கீறிப் போட்டு, கறிவேப்பிலை மணக்க, கருமை படரும் வரையில் வறட்டி எடுக்கும் அந்தப் 'பீஃப் உலர்த்திய'தை எங்கள் வீட்டிலும் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸுக்கு உண்டு மகிழ்ந்திருக்கிறேன். ஆயினும் அதன் செய்முறை ரகசியம் முழுவதும் அந்தப் பெயரிலேயே அடங்கியிருக்கிறது என்பதை வெகுகாலம் கழித்துத்தான் உணர்ந்தேன்.

பண்டிகைக்கு முந்திய இரவில், விறகடுப்பின் மேல் உருளியை ஏற்றிவிட்டு, அதன் அருகே பலகையிட்டு அமர்ந்திருக்கும் என் பாட்டியின் தோற்றம் இன்றும் கண்முன் நிற்கிறது. அவர் கறியை அடிக்கடி பார்ப்பதில்லை; அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். நெஞ்சைக் கவரும் அந்த வாசனையில் பொறுமையிழந்து நாங்கள் தட்டோடு நெருங்கினால், "தண்ணி இன்னும் பேசிட்டுக் கெடக்கு மக்களே, எண்ணெ பேசட்டும், பொறு" என்பார். கொதகொதவென்று தளும்பும் ஓசை படிப்படியாக அடங்கி, சடசடவென்ற மெல்லிய பொரிச்சல் எழும் அந்தக் கணத்தை அவர் ஒருபோதும் தவறவிட்டதில்லை.

கடின உழைப்பின் சதை

மாட்டிறைச்சி ரப்பரைப் போல் இருக்கிறது என்று குறைப்பட்டுக்கொள்வோர் பலர். அவர்கள் கடைக்குச் சென்று, இடுப்பை ஒட்டிய 'அண்டர்கட்' என்னும் மிருதுவான பகுதியை அதிக விலை கொடுத்து வாங்கி வந்து, அதைக் குழம்பிலிட்டு நீண்டநேரம் கொதிக்கவைத்து, சாரமற்ற நார்க்குவியலாக ஆக்கிவிடுகிறார்கள். விரைந்து வாட்டி உண்பதற்கு உகந்த பகுதி அது. வாழ்நாளெல்லாம் உடலைத் தாங்கியும் தலையைத் தூக்கியும் நடந்தும் உழைத்த கழுத்து, தோள், நெஞ்சு, கால் ஆகியவற்றின் சதைகளே குழம்புக்கும் உலர்த்தலுக்கும் ஏற்றவை. அவற்றினூடே வெண்மையாக ஓடும் சவ்வைக் கண்டு அஞ்சி, கத்தியால் வழித்து எறிவோர், ருசியின் மூலதனத்தையே எறிகிறார்கள்.

ஏனெனில் அந்தச் சவ்வின் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரதம். மூன்று இழைகள் கயிறுபோல் முறுக்கிக்கொண்டு நிற்கும் அது, ஏறக்குறைய 70 பாகை செல்சியஸைக் கடந்த ஈரமான வெப்பத்தில் நெடுநேரம் இருக்கும்போது, முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டினாக இளகுகிறது. ஆறிய பாயாவைக் கட்டியாக உறையச் செய்வதும், குழம்பு உண்டபின் உதடுகளை லேசாக ஒட்டச் செய்வதும் இந்த ஜெலட்டின்தான். சதைநார்கள் சூட்டில் சுருங்கித் தம் நீரைப் பிழிந்து வெளியேற்றிவிட்டாலும், அவற்றிற்கிடையே படரும் இந்த வழவழப்பு, உண்போர் நாவில் கறியைச் சாறுள்ளதாகவே தோன்றச் செய்கிறது.

நீரின் வேலை

ஒரு கிலோ கறியை, நாரின் போக்குக்குக் குறுக்காகச் சிறு துண்டுகளாக நறுக்கிக்கொண்டு, 2 மேசைக்கரண்டி மல்லித்தூள், 1 மேசைக்கரண்டி மிளகாய்த்தூள், அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள் ஆகியவற்றோடு, வறுத்துப் பொடித்த பெருஞ்சீரகம், பட்டை, கிராம்பு, ஏலக்காய், தட்டிய இஞ்சி பூண்டு, வேண்டிய உப்பு ஆகியவற்றையும் சேர்த்துப் பிசறி, ஒருமணி நேரம் ஊறவைக்க வேண்டும். கால்மூடித் தேங்காயைப் பல்லு பல்லாக நறுக்கி இப்போதே சேர்த்துவிட்டால், அது கறிச்சாற்றை உறிஞ்சிக்கொண்டு, பின்னர் எண்ணெயில் பொரியும்போது அபூர்வமான சுவை பெறும்.

அதன்பின் அரைக்கோப்பை நீருக்குமேல் ஊற்றவேண்டிய அவசியமில்லை. கறி தன் நீரைத் தானே விடும். மூடிய மண்சட்டியில், நீர் துள்ளாமல் மெல்லச் சிமிட்டும் அளவான தீயில், ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் அது கிடக்கட்டும். எருமைக்கறியாகவோ முதிர்ந்த மாட்டின் கறியாகவோ இருந்தால் இன்னும் சிறிது நேரம் ஆகலாம். அவகாசம் இல்லாதோர் குக்கரைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். உள்ளே அழுத்தம் ஏறுவதால் நீரின் கொதிநிலை 120 பாகையை ஒட்டி உயர்ந்து, முதல் விசிலுக்குப்பின் தணிந்த தீயில் 25 நிமிஷத்திலேயே சவ்வு இளகிவிடும். விரலால் அழுத்தினால் துண்டு பிரிய இணங்க வேண்டும், உதிர்ந்துவிடக் கூடாது. இன்னும் ஒரு கட்டம் எஞ்சியிருக்கிறது என்பதை மறந்து இங்கேயே குழைய விடுவது பெரும் பிழை.

நெருப்பின் வேலை

வேலைக்குப் போய்ப் பட்டணத்தில் தனித்து வசித்த முதல் வருஷம், பாட்டி செய்ததை அவ்வாறே செய்துவிடும் ஆர்வத்தோடு, வெந்த கறியை அதன் குழம்போடு சேர்த்துச் சிறிய வாணலியில் கொட்டி, தீயைக் கூட்டி, விடாமல் கிளறினேன். அரைமணி நேரம் ஆகியும் கறுக்கவில்லை; பொறுமையிழந்து இன்னும் மசாலாத்தூளை அள்ளிப் போட்டேன். இறுதியில் கிடைத்தது, காரம் மிகுந்த, களிம்புபோல் அப்பிய ஒன்று. மசாலா குறைவு என்று அன்று எண்ணியது எவ்வளவு தவறான முடிவு என்பதைப் பின்னர் அறிந்தேன்.

1912-ஆம் ஆண்டில் லூயி காமில் மயார் என்ற பிரெஞ்சு ரசாயன அறிஞர், அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் சூட்டில் கூடும்போது பழுப்பு நிறம் தோன்றுவதை விவரித்தார். ரொட்டியின் மேலோட்டுக்கும் வறுத்த காப்பிக்கொட்டைக்கும் மணம் தருகிற அந்த மாற்றமே வறுத்த கறிக்கும் மணம் தருகிறது. அது துரிதமாக நிகழ்வதற்கு ஏறத்தாழ 140 பாகைச் சூடு வேண்டும். திறந்த சட்டியில் ஈரம் இருக்கும்வரையில் கறியின் சூடு ஏறத்தாழ 100 பாகையைத் தாண்டாது. ஆகவே, ஈரம் முற்றும் நீங்கும்வரை எத்தனை தூள் தூவினாலும், எவ்வளவு தீயைக் கூட்டினாலும், கறி வேகுமேயன்றி வறுபடாது.

எனவே, அகன்ற இரும்புச் சட்டியில் தேங்காய் எண்ணெய் காய்ந்ததும், இரண்டு கைப்பிடி உள்ளியையும் கறிவேப்பிலையையும் பொன்னிறமாக வதக்கி, வெந்த கறியை நெருக்கமின்றிப் பரப்பி, எஞ்சிய சாற்றைச் சிறிது சிறிதாக விட்டுச் சுண்டவைக்க வேண்டும். ஓயாமல் கிளறாமல், அடிப்பாகம் நிறம்கொள்ள அவகாசம் கொடுத்துப் புரட்டவேண்டும். சாறு வற்றி, துண்டுகளைச் சுற்றி எண்ணெய் பிரிந்து, ஓசை மாறும் தருணத்தில், அப்போதுதான் இடித்த நல்லமிளகு ஒரு தேக்கரண்டியும் இன்னொரு கொத்துக் கறிவேப்பிலையும் சேர்ப்பது உத்தமம். பல வாசனைப் பொருள்களின் சத்து நீரைவிட எண்ணெயிலேயே நன்றாகக் கரைகிறது என்பதும், நீடித்த கொதிப்பில் அது ஆவியாகிவிடும் என்பதும் இதற்குக் காரணங்கள்.

சுமத்ராத் தீவின் மினாங்கபாவ் மக்கள் 'ரெண்டாங்' சமைக்கும்போது, தேங்காய்ப்பாலில் கறியை மணிக்கணக்கில் வேகவைத்து, நீர் முழுவதும் வற்றி எண்ணெய் பிரிந்தபின் அந்த எண்ணெயிலேயே அதை வறுத்தெடுக்கிறார்கள். அவர்களும் நம் பாட்டிமாரும் ஒருவரையொருவர் கண்டதில்லை; எனினும், நீரின் வேலை முடிந்தபின்னரே நெருப்பின் வேலை தொடங்க வேண்டும் என்ற ஒரே தெளிவை இரு சாராரும் அடைந்திருக்கிறார்கள்.

எங்கள் ஊரில் உலர்த்திய கறிக்கு உற்ற துணை மரச்சீனிக்கிழங்கு. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, குடிகளின் பசிதீர அக்கிழங்குச் சாகுபடியைப் பெரிதும் ஊக்குவித்தார். அவ்வாறு ஏழைகளின் அன்னமாக வந்த கிழங்கும், மலிவான கடினச் சதையும், ஒரே இலையில் சேர்ந்து விருந்தாகிவிட்டன. இரண்டையும் விருந்தாக்கியது அடுப்பருகே ஒருவர் காத்திருந்த நேரமே.

சென்ற கிறிஸ்துமஸ் இரவில் என் பேத்தி தட்டோடு வந்து நின்றாள். சட்டியில் ஈரம் இன்னும் தளும்பிக்கொண்டிருந்தது. அவளை அருகில் அமர்த்தி, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். சிறிது நேரம் கழித்து, ஓசை மாறிய அந்தக் கணத்தில், நான் வாய் திறக்குமுன்பே அவள் சொன்னாள்: "தாத்தா, இப்ப எண்ணெ பேசுது."