லுத்தரன் சர்ச்சுக்கு முதல் தடவை போறீங்களா? அந்த வரிசையில் மட்டும் அவசரப்படாதீங்க!

கோவையில் வேலை பார்க்கும் நண்பரின் குழந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். பவானியில் இருக்கும் உங்களுக்கும் அழைப்பு வந்திருக்கிறது. அழைப்பிதழில் 'டி.இ.எல்.சி.' என்று போட்டிருக்கிறார்கள். சி.எஸ்.ஐ. தெரியும், ஆர்.சி. தெரியும். இது என்ன?

தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை என்பதன் சுருக்கம்தான் அது. 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு, புளூட்சோ என்ற இரண்டு ஜெர்மானியர்களிடமிருந்து இதன் கதை தொடங்குகிறது. தனித் திருச்சபையாக அமைந்தது 1919-ல்; தலைமையகம் திருச்சியில். கொங்கு வட்டாரத்தில் பரவலாக வேலை செய்தது லண்டன் மிஷன் என்பதால், இங்கே நாம் அதிகம் பார்ப்பது சி.எஸ்.ஐ. சர்ச்சுகளைத்தான். 1947-ல் பல சபைகள் ஒன்றுசேர்ந்து சி.எஸ்.ஐ. ஆனபோது லுத்தரன்கள் அதில் சேரவில்லை.

வேற மதத்துக்காரங்க போலாமா?

தாராளமாகப் போகலாம். வாசலில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். செருப்பைக் கழற்றுவது சர்ச்சுக்கு சர்ச் மாறும். வெளியே செருப்புகள் கிடந்தால் நீங்களும் கழற்றிவிடுங்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காரும் வழக்கம் பல சபைகளில் இன்னமும் உண்டு. பெண்கள் முக்காடு போடுவதைப் பார்க்கலாம். போதகரை 'ஐயர்' என்று கூப்பிடுவார்கள், குழம்ப வேண்டாம்!

ஆராதனைக்கு எழுதிவைத்த ஒழுங்கு ஒன்று இருக்கிறது. பாவ அறிக்கை, வேத பாடங்கள், விசுவாசப் பிரமாணம், பிரசங்கம், காணிக்கை என்று போகும். சுவிசேஷம் வாசிக்கும்போது எல்லோரும் எழுந்து நிற்பார்கள். எப்போது எழுவது, எப்போது உட்காருவது என்று தெரியாவிட்டால் பின்வரிசையில் உட்கார்ந்து முன்னால் இருப்பவரைப் பார்த்துச் செய்தால் போதும். காணிக்கைப் பை வந்தால் போட்டே ஆக வேண்டும் என்பதில்லை.

பாட்டுகளைக் கவனியுங்கள். ஜெர்மன் மெட்டில் ஒரு ஞானப்பாட்டு முடிந்ததும், கர்நாடக ராகத்தில் ஒரு கீர்த்தனை வரும். அந்தக் கீர்த்தனை பெரும்பாலும் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் எழுதியதாக இருக்கும்.

எல்லோரும் எழுந்து முன்னால போறாங்களே, நானும் போகணுமா?

புதிதாக வருபவர்கள் தடுமாறுவது இங்கேதான். அது திருவிருந்து. போதகர் அப்பமும் திராட்சை ரசமும் கொடுப்பார். கூடுதுறை சங்கமேஸ்வரர் கோயிலில் பிரசாதத்துக்குக் கை நீட்டிப் பழகியவர்களுக்கு, இதுவும் அப்படித்தான் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அந்த அப்பத்தோடும் ரசத்தோடும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமும் மெய்யாகவே இருக்கின்றன என்பது லுத்தரன்களின் நம்பிக்கை. அதனால் ஞானஸ்நானம் பெற்று, ஞானோபதேசம் படித்து, திடப்படுத்தல் முடித்தவர்கள்தான் வழக்கமாக வாங்குவார்கள். அந்தச் சபையிலேயே பிறந்த சின்னப் பிள்ளைகளும் வாங்காமல்தான் உட்கார்ந்திருப்பார்கள். நீங்களும் இடத்திலேயே இருக்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். வேறு சபைக் கிறிஸ்தவராக இருந்தால் முன்கூட்டியே போதகரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

அந்த வரிசைக்குப் பின்னால் கசப்பான வரலாறும் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடி, தஞ்சைப் பகுதிச் சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனி இடத்தில் உட்கார்ந்தார்கள். ஒரே கிண்ணத்தில் யாருக்குப் பிறகு யார் குடிப்பது என்பதே சண்டையாக இருந்தது. 1833-ல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று உத்தரவு போட்டார். எதிர்த்தவர்களில் மேலே சொன்ன வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர்! அந்தப் பிரச்சினையில் ஆங்கிலிக்கன் சபைகளை விட்டு லுத்தரன் பக்கம் வந்தவர்களும் உண்டு. இன்று பீடத்தின் முன் பக்கத்தில் யார் என்று பார்க்காமல் வரிசையாக முழங்கால் போடுவதை, இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அதன் கனம் புரியும்.

ஞானஸ்நானம் நடக்கும்போது செல்போனோடு முன்னால் ஓட வேண்டாம். படம் எடுக்கலாமா என்று நண்பரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஆராதனை முடிந்ததும் போதகர் வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் கை கொடுப்பார். "எந்த ஊர்?" என்று கேட்டால் பவானி என்று சொல்லுங்கள், ஜமக்காளத்தைப் பற்றிப் பேச்சு நீளலாம்.