பள்ளிவாசலுக்குக் கொடுத்த காணி

2018ஆம் ஆண்டு ஜூன் மாதம் 23ஆம் திகதி, சனிக்கிழமை. மேற்கு ஆபிரிக்க நாடான நைஜீரியாவின் பிளாட்டோ மாநிலத்தில் ங்கார் என்னும் சிறு கிராமம். பிற்பகல் தொழுகை முடிந்த வேளையில் வெடிச்சத்தம் கேட்டது. அயற்கிராமங்களிலிருந்து கிறிஸ்தவ விவசாயிகள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். எண்பது வயதைத் தாண்டிய இமாம் அபூபக்கர் அப்துல்லாஹி, பெண்களைத் தமது வீட்டிலும் ஆண்களைப் பள்ளிவாசலிலும் ஒளித்துவைத்தார். ஆயுதங்களுடன் வந்தவர்கள் அவர்களை வெளியே விடும்படி கேட்டபோது மறுத்தார், மன்றாடினார், வேண்டுமானால் தம்மைக் கொல்லும்படி சொன்னார். வந்தவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். அன்று அவரிடம் அடைக்கலம் புகுந்தவர்கள் 262 பேர். அந்த நாளில் சுற்றுக் கிராமங்களில் எண்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர்.

முன்பின் அறியாதவர்களுக்காக ஏன் உயிரைக் கொடுக்கத் துணிந்தீர்கள் என்று பின்னர் பலரும் அவரைக் கேட்டார்கள். அவர் ஒரு காணியின் கதையைச் சொன்னார். நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர், அந்தப் பள்ளிவாசலைக் கட்டுவதற்கு நிலம் கொடுத்தவர்கள் அவ்வூர்க் கிறிஸ்தவர்களே. அதற்கு அவர்கள் விலை கேட்கவில்லை.

நைஜீரியாவின் துயரம் பெரும்பாலும் மதச் சண்டை என்றே வெளியுலகுக்குச் சொல்லப்படுகிறது. அது முழு உண்மையல்ல. அந்தச் சண்டையின் அடியில் கிடப்பதும் காணிதான். காணியை இழந்து நிற்பவர்களுக்கு இந்தக் கதை எளிதில் விளங்கும்.

எருவும் பாலும்

இருபது கோடிக்கும் அதிகமான மக்கள் வாழும் நைஜீரியாவில் கிறிஸ்தவர்களும் இஸ்லாமியரும் ஏறத்தாழச் சரிபாதி. வடக்கில் இஸ்லாமியர் அதிகம், தெற்கில் கிறிஸ்தவர் அதிகம். இரண்டும் சந்திக்கும் நடுப்பகுதியை 'மத்திய வலயம்' என்பார்கள். பிளாட்டோ, பெனுவே ஆகிய மாநிலங்கள் இங்கே உள்ளன. பிளாட்டோவின் குளிர்ந்த மேட்டுநிலத்தில் உருளைக்கிழங்கு விளைகிறது. பெனுவேயில் நமது இராசவள்ளிக்கு இனமான பெரிய வள்ளிக்கிழங்கு விளைகிறது. நாட்டின் உணவுக் கூடை என்றே பெனுவேக்குப் பெயர்.

இங்கு பயிர் செய்வோரில் பெரும்பாலோர் பெரோம், திவ் முதலிய இனங்களைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள். மாடு மேய்ப்போர் புலானி இனத்து இஸ்லாமியர். மழை ஓய்ந்ததும் இடையர்கள் மாடுகளைத் தெற்கே ஓட்டி வருவார்கள். அறுவடை முடிந்த நிலத்தில் மாடுகள் தாளைத் தின்னும். எரு மண்ணில் சேரும். இடையர்கள் பாலைக் கொடுத்துத் தானியம் வாங்குவார்கள். பயிர் அழிவு ஏற்பட்டால் இரு பகுதிப் பெரியவர்களும் கூடி நட்டஈட்டைத் தீர்த்துவைப்பார்கள். தலைமுறைகளாக இது நடந்தது.

பிறகு நிலம் நெருக்கமாயிற்று. 1960இல் நாடு சுதந்திரம் பெற்றபோது சனத்தொகை சுமார் நாலரைக் கோடி. இன்று அதைப் போல நான்கு மடங்குக்கும் மேல். வடக்கே மேய்ச்சல் தரைகள் வரண்டன. 1960களில் பரந்து கிடந்த சாட் ஏரியின் பத்தில் ஒன்பது பங்கு 1980களின் நடுப்பகுதிக்குள் வற்றிப்போயிற்று. மாடுகள் போகும் பழைய பாதைகள் தோட்டங்களாயின. இடையர்கள் முன்னரிலும் நேரத்தோடு, பயிர் நிற்கும்போதே வரத் தொடங்கினார்கள். கம்பு இருந்த கைகளில் துப்பாக்கி ஏறியது. மாடுகள் களவு போயின, கொல்லப்பட்டன; கிராமங்கள் எரிந்தன. ஒவ்வொரு பகுதியாரிடமும் தாங்கள் புதைத்தவர்களின் கணக்கு இருக்கிறது.

மண்ணின் மைந்தர் யார்?

மாநிலத் தலைநகர் ஜோஸில் பிரச்சினை வேறு வடிவம் எடுத்தது. ஆங்கிலேயர் காலத்தில் வெள்ளீயச் சுரங்கங்களுக்காக வடக்கிலிருந்து ஹவுசா இன இஸ்லாமியர் அங்கு குடியேறினார்கள். நூறு ஆண்டு கடந்தும் அவர்கள் 'வந்தேறிகள்' என்றே அழைக்கப்படுகிறார்கள். நைஜீரியாவில் ஒருவர் இன்ன ஊரின் பூர்வீகக் குடி என்று உள்ளூராட்சி மன்றம் சான்றிதழ் கொடுக்க வேண்டும். அந்தக் கடதாசி இல்லாவிட்டால் அரசாங்க வேலை, பல்கலைக்கழக அனுமதி, புலமைப்பரிசில் எல்லாமே கடினம். ஆகவே உள்ளூராட்சி மன்றம் யார் கையில் என்பது பிள்ளைகளின் எதிர்காலம் பற்றிய கேள்வியாகிவிட்டது.

2001 செப்டெம்பரில் ஜோஸில் சுமார் ஆயிரம் பேர் மாண்ட கலவரத்தின் பின்னணியில் ஓர் உள்ளூர் அரசாங்கப் பதவிக்கான நியமனம் இருந்தது. 2008 நவம்பரில் உள்ளூராட்சித் தேர்தலையடுத்து மீண்டும் இரத்தம் சிந்தப்பட்டது. தேவாலயமும் பள்ளிவாசலும் எரிந்த பிறகு, ஆரம்பத்தில் எதற்காகச் சண்டை வந்தது என்பதை எவரும் பேசவில்லை.

ஆட்சியும் பசியும்

1999இல் இராணுவ ஆட்சி முடிந்த பின், வடக்கின் 12 மாநிலங்கள் ஷரீஆ குற்றவியல் சட்டத்தைக் கொண்டுவந்தன. 2000இல் கடுனா நகரில் இதையொட்டி எழுந்த கலவரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2009 முதல் வடகிழக்கில் போகோ ஹராம் இயக்கத்தின் வன்முறை. அது தேவாலயங்களை மட்டும் தாக்கவில்லை; 2014 நவம்பரில் கானோ நகரின் பெரிய பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களையும் கொன்றது.

அரசியல்வாதிகள் மதத்தை வாக்காக எண்ணப் பழகினார்கள். ஜனாதிபதி ஒரு மதத்தவர் என்றால் துணை ஜனாதிபதி மற்ற மதத்தவராக இருப்பது 1999 முதல் எழுதப்படாத வழக்கம். 2023 தேர்தலில் இருவருமே இஸ்லாமியராக நிறுத்தப்பட்டபோது கிறிஸ்தவ சபைகளின் ஒன்றியம் கண்டித்தது. போலா டினுபு 37 வீத வாக்குகளுடன் வென்றார். பதிவு செய்த வாக்காளரில் நூற்றுக்கு 27 பேரளவிலேயே வாக்களித்திருந்தனர். மற்றவர்கள் வீட்டில் இருந்துவிட்டார்கள். ஆட்சியின் மேல் மக்களுக்கு இருந்த நம்பிக்கையின் அளவு அதுதான்.

பதவியேற்ற அன்றே எரிபொருள் மானியம் நிறுத்தப்பட்டது. எரிபொருள் விலை சில நாட்களில் இரு மடங்குக்கும் மேலாக ஏறியது. சாப்பாட்டுச் சாமான்களின் விலையும் ஏறியது. 2024 ஆகஸ்டில் இளைஞர்கள் வீதிக்கு இறங்கியபோது இஸ்லாமியர் நிறைந்த வடக்கு நகரங்களிலும் கூட்டம் பெருகி நின்றது. பசி இரு மதத்தாரையும் ஒன்றாகவே பிடித்திருந்தது.

மூன்றாவது கன்னம்

இந்த நிலையில் கிறிஸ்தவன் என்ன செய்வது? ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தையும் காட்டச் சொன்னார் ஆண்டவர். நாங்கள் இரண்டையும் காட்டிவிட்டோம், மூன்றாவது கன்னம் எங்களிடம் இல்லை என்று நைஜீரியக் கிறிஸ்தவர் பலர் சொல்வதுண்டு. பிள்ளையைப் புதைத்தவர் சொல்லும்போது அதை எளிதாகக் கண்டிக்க முடியாது.

போதகர் ஜேம்ஸ் வுயேயும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணினார். இளைஞரைத் திரட்டிச் சண்டைக்கு முன்நின்றார். 1992இல் கடுனா மாநிலத்துக் கலவரத்தில் வலது கையை இழந்தார். அதே கலவரத்தில் இமாம் முகம்மது அஷாபா தமது ஆன்மீக ஆசானையும் உறவினர் இருவரையும் இழந்தார். இருவரும் பழிவாங்கவே காத்திருந்தார்கள். மன்னிப்பைப் பற்றிய ஒரு பிரசங்கம் முதலில் இமாமின் மனதை அசைத்தது. 1995இல் இருவரும் சந்தித்தார்கள். போதகரின் தாயார் நோயுற்றபோது இமாம் பார்க்கப் போனார். அப்படியிருந்தும் உள்ளிருந்த வெறுப்பு நீங்க ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் சென்றன என்று வுயே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். இருவரும் சேர்ந்து கடுனாவில் சமயங்களுக்கிடையிலான நடுநிலை மையம் ஒன்றைத் தொடங்கினார்கள்.

2004இல் பிளாட்டோவின் யெல்வா நகரில் முதலில் தேவாலய வளவில் கிறிஸ்தவர் கொல்லப்பட்டனர். மே மாதத்தில் நூற்றுக்கணக்கான இஸ்லாமியர் கொல்லப்பட்டனர். இவர்கள் அங்கு போய் இரு பகுதியாரையும் ஒரே இடத்தில் இருத்தினார்கள். கோபத்தைக் கொட்ட இடம் கொடுத்தார்கள். 2005இல் அங்கு ஒரு சமாதான உடன்பாடு பிறந்தது.

ஜோஸ் நகரிலும் எல்லாத் தெருவும் எரியவில்லை. டாடின் கோவா என்ற குடியிருப்பில் இரு மதத்தவரும் கலந்து வாழ்கிறார்கள். 2010இல் நகரம் பற்றியெரிந்தபோது அங்கே கொலை நடக்கவில்லை. இரு பகுதி இளைஞரும் சேர்ந்து காவல் நின்றார்கள். பெண்களும் பெரியவர்களும் வதந்தி பரவாமல் பார்த்துக்கொண்டார்கள். வெளியிலிருந்து ஆள் திரட்ட வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். முன்கூட்டியே பேசிவைத்திருந்தபடியால் அவர்களால் இது முடிந்தது.

முகாமில் கழியும் விதைப்புக் காலம்

ஆனாலும் மனமாற்றம் மட்டும் போதுமா? பெனுவேயில் 2017இல் திறந்தவெளி மேய்ச்சலைத் தடுக்கும் சட்டம் வந்தது. இடையர்களுக்கு மாற்று மேய்ச்சல் நிலம் இல்லை. 2018 புத்தாண்டில் தாக்குதல்கள் நடந்தன. 73 பேரை மக்குர்டி நகரில் ஒன்றாக அடக்கம் செய்தார்கள். பல்லாயிரக்கணக்கான விவசாயக் குடும்பங்கள் முகாம்களுக்குப் போயின. ஒவ்வோர் ஆண்டும் மழை வருகிறது. விதைப்புக் காலம் கழிகிறது. கிராமத்துக்குத் திரும்ப முடிவதில்லை. தங்கள் நிலத்தில் வேறு ஆட்கள் இருப்பதாகப் பலர் முறையிடுகிறார்கள். 1978ஆம் ஆண்டுக் காணிச் சட்டப்படி மாநிலத்தின் நிலமெல்லாம் ஆளுநரின் பொறுப்பில் உள்ளது. பாட்டன் காலத்திலிருந்து உழுதவரிடம் காட்டுவதற்கு உறுதி இல்லை. 2025 ஜூன் மாதம் பெனுவேயின் யெல்வட்டா கிராமத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அவர்களுள் பலர் முன்னரே இடம்பெயர்ந்து வந்து சந்தைக் கட்டடங்களில் தங்கியிருந்தவர்கள்.

ஆகவே அங்குள்ள திருச்சபைக்கு இரட்டை வேலை இருக்கிறது. முகாமில் அரிசி கொடுப்பதும், இறந்தவர்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுப்பதும் ஒன்று. திரும்பிப் போகும் உரிமைக்காகவும், கொன்றவர்களைச் சட்டத்தின் முன் நிறுத்தவும், நிலத்துக்குக் கடதாசி கிடைக்கவும் குரல் கொடுப்பது மற்றது. அந்தக் குரல் இடையனுக்கும் மேய்ச்சல் தரை வேண்டும் என்பதையும், மூன்று தலைமுறையாக ஜோஸில் பிறந்த ஹவுசாப் பிள்ளைக்கும் சான்றிதழ் வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. தன் ஆட்களுக்கு மட்டும் நீதி கேட்கும் சபையை மற்றவர்கள் இன்னொரு கட்சியாகவே பார்ப்பார்கள்.

ங்கார் இமாமுக்கு 2019இல் அமெரிக்காவில் விருது வழங்கப்பட்டது. அது அவருக்குத் தகும். ஆனால் அந்தப் பள்ளிவாசலுக்கு நிலம் கொடுத்த விவசாயிகளை உலகம் அறியாது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் எவராவது ஓடிவந்து ஒளிவார்கள் என்று நினைத்து அவர்கள் கொடுக்கவில்லை. பக்கத்தில் இருப்பவன் தொழுவதற்கும் ஓர் இடம் வேண்டும் என்று எண்ணினார்கள், அவ்வளவுதான். திரும்பிப் போய் வேலி அடைக்கும் நாள் வரும்போது, எல்லைக்கு அப்பால் இருப்பவரோடு எப்படி வாழ்வது என்று யோசிக்கிற எவருக்கும் அந்தக் காணி நினைவில் இருக்கட்டும்.